திட்டம் ஏன் காலை 11 மணியைத் தாண்டுவதில்லை?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தினமும் இரவு உட்கார்ந்து மறுநாளைக்கு 14 வேலைகளைப் பட்டியல் போடுகிறீர்கள். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை அரைமணிக் கட்டங்களாகப் பிரித்து அவற்றை அடுக்குகிறீர்கள். காலை 11 மணிக்குள் ஏதோ ஒன்று குறுக்கே வந்து அடுக்கு சரிந்துவிடுகிறது. அதன்பிறகு அந்தப் பட்டியலைத் திறக்கவே மனம் வருவதில்லை. இரவு எண்ணிப் பார்த்தால் நான்கு வேலைதான் முடிந்திருக்கிறது. மூன்று செயலிகள் மாற்றியாகிவிட்டது. இப்போது இருப்பதில் 60 வேலைகள் தேங்கிக் கிடக்கின்றன. எந்த முறை நல்லது, காலை 5 மணிக்கு எழுந்தால் சரியாகுமா, இல்லை எனக்கு மன உறுதிதான் இல்லையா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

அந்தக் கடைசிக் கேள்விதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. கோளாறு என்னிடமா, திட்டத்திடமா? நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் திட்டத்தில்தான் கோளாறு. உங்கள் இடத்தில் எவ்வளவு மன உறுதி உள்ளவரை உட்கார வைத்தாலும் அந்தத் திட்டம் 11 மணிக்கு உடையும். ஏன் என்று விளக்குகிறேன்.

நான் 22 வருடம் ஓர் இயந்திர உதிரிபாக ஆலையில் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் இருந்தவன். எந்த மெஷினில் எந்த வேலை, எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்கும் என்று நாள்தோறும் அட்டவணை போடுவதுதான் என் பிழைப்பு. கடந்த ஆறு வருடமாக அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களுக்கு அதே கணக்கைத் தங்கள் நாளுக்குப் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். நான் மருத்துவனோ உளவியலாளனோ இல்லை. மனித மனம் பற்றிச் சொல்லும் இடங்களில் மற்றவர்களின் ஆய்வைச் சொல்வேன்; வேலையை அடுக்குவது பற்றிச் சொல்லும் இடங்களில் என் அனுபவத்தைச் சொல்வேன்.

திட்டமிடல் பிரிவில் புதிதாகச் சேர்கிறவர் செய்யும் முதல் தவறு, எட்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் எட்டு மணி நேரத்துக்கும் வேலையை ஏற்றிவிடுவது. முதல் நாளே அது கவிழும். மெஷினுக்கு எண்ணெய் போட வேண்டும், டை, அதாவது உலோகத்துக்கு வடிவம் தரும் அச்சு, மாற்ற வேண்டும், முதல் துண்டை அளந்து சரிபார்க்க வேண்டும், சரக்கு வர அரைமணி தாமதமாகும், நடுவில் ஒரு பெல்ட் அறும். இவை எதுவும் விபத்து கிடையாது. தினமும் ஏதோ ஒரு வடிவத்தில் வந்தே தீரும். அதனால் அனுபவம் உள்ளவர் முதலில் வேலைப் பட்டியலைக் கையில் எடுக்க மாட்டார். "இந்த மெஷினுக்கு நிஜமாக எத்தனை மணி நேரம் இருக்கிறது?" என்று கணக்குப் போட்ட பிறகுதான் பட்டியலைத் தொடுவார். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறீர்கள். வேலைகளை எழுதிவிட்டு, அவை அடங்கும்வரை கட்டங்களை நிரப்புகிறீர்கள்.

நூறு சதவீதம் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்குக் கணிதத்திலேயே பதில் இருக்கிறது. வரிசைக் கோட்பாடு என்று ஒரு துறை உண்டு. வேலைகள் முன்னறிவிப்பில்லாமல் வந்து சேர்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதும் நிச்சயமில்லை, செய்ய ஓர் ஆள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கான மிக எளிய கணக்கின்படி, அந்த ஆளின் நேரத்தில் 50 சதவீதம் நிரம்பியிருந்தால், புதிதாக வரும் வேலை சராசரியாக ஒரு வேலை முடியும் நேரம் அளவுக்குக் காத்திருக்கும். 80 சதவீதம் நிரம்பினால் நான்கு மடங்கு, 90 ஆனால் ஒன்பது மடங்கு, 95 ஆனால் 19 மடங்கு. நூறைத் தொட்டால் வரிசை வளர்ந்துகொண்டே போகும். கடைசிப் பத்து சதவீதத்தில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். நேரத்தை முழுதாகப் பயன்படுத்திவிட வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கிறது. உங்கள் அரைமணிக் கட்டங்களுக்கு நடுவில் ஓர் இடைவெளிகூட இல்லை. காலை 9 மணிக்கு வரும் 20 நிமிட அழைப்பு ஒன்று போதும், அதன் பின்னால் இருக்கும் 26 கட்டங்களும் பொய்யாகிவிடும்.

இதற்கு மேல் இன்னொரு சுமை: நேரத்தை மதிப்பிடுவதில் மனிதர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகத் தவறுகிறோம். உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே இதற்குப் பெயர் வைத்தார்கள். தமிழில் திட்டமிடல் மயக்கம் எனலாம். 1994-இல் ரோஜர் பியூலரும் அவரது சகாக்களும் பட்டப்படிப்பின் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் சுமார் 34 நாள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள். அதற்குச் சுமார் 49 என்று பதில் வந்தது. உண்மையில் ஆனது சுமார் 55 நாள். மோசமாகப் போனால் என்று யோசித்துச் சொன்ன கணக்கையே நிஜம் தாண்டிவிட்டது. முன்பு தாமதமானது அவர்களுக்கு மறக்கவில்லை. ஆனால் மதிப்பிடும்போது பழையதை ஒதுக்கிவிட்டு, இந்தத் தடவை எப்படிப் போகும் என்று மனதில் ஒரு படம் ஓட்டிப் பார்க்கிறோம். அந்தப் படத்தில் பெல்ட் அறுவதில்லை.

ஆலையில் இதற்கு மருந்து பழைய ஜாப் கார்டு, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தைக் குறித்து வைக்கும் அட்டை. "போன மாதம் இதே வேலைக்கு எத்தனை மணி ஆனது?" என்று கார்டை எடுத்துப் பார்ப்போமே தவிர, ஆபரேட்டரைக் கேட்க மாட்டோம். அவர் மீது நம்பிக்கை இல்லை என்பதற்காக அப்படிச் செய்வதில்லை, அவரும் மனிதர்தானே. உங்களிடம் அந்தக் கார்டு இல்லை. அதனால் முதல் வாரம் எந்த முறையையும் மாற்ற வேண்டாம், கார்டை மட்டும் உண்டாக்குங்கள். ஒரு நோட்டில் இரண்டு பத்தி. வேலையைத் தொடங்கும் முன் இடது பத்தியில் எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள். முடித்ததும் வலது பத்தியில் ஆனதை எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

என் வகுப்புக்கு வந்த ஒரு பெண்ணின் நோட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. மாதாந்திர அறிக்கை தயாரிப்பதற்கு இடது பக்கத்தில் எப்போதும் 1 மணி என்றே எழுதியிருந்தார். வலது பக்கத்தில் நான்கு மாதங்களின் கணக்கு: 2 மணி 10 நிமிடம், 1 மணி 55 நிமிடம், 2 மணி 40 நிமிடம், 2 மணி 20 நிமிடம். நான்கையும் பார்த்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். "எங்கே போனது அந்த நேரம்?" என்று இருவரும் வரிவரியாகத் தேடினோம். அவர் மதிப்பிட்டது தட்டச்சு செய்யும் நேரத்தை மட்டும். இரண்டு பேரிடமிருந்து எண்களைக் கேட்டு வாங்குவது, அதில் ஒருவர் பழைய கோப்பை அனுப்பிவிடுவது, கூட்டுத்தொகை ஒட்டாமல் எந்த வரியில் பிசகு என்று தேடுவது, கடைசியில் ஒருமுறை படித்துப் பார்ப்பது ஆகிய எதுவும் அவர் மனதில் வேலையாகவே பதிவாகவில்லை. ஆலையில் வெட்டும் நேரத்தை மட்டும் எழுதி, மெஷினைத் தயார்செய்யும் செட்டிங் நேரத்தை விடுவது போலத்தான் இது. அடுத்த மாதத்திலிருந்து அவர் இரண்டரை மணி என்று எழுதினார். அதற்குப் பிறகு அறிக்கை வேகமாக முடியவில்லை. ஆனால் அன்றைய மற்ற வேலைகள் உடையாமல் நின்றன.

இப்படி ஒரு வாரம் எழுதினால் உங்களுடைய பெருக்கு எண், அதாவது நீங்கள் நினைத்த நேரத்தைப்போல எத்தனை மடங்கு நிஜத்தில் ஆகிறது என்பது, தெரியவரும். என்னிடம் வந்தவர்களில் பலருக்குப் பழகிய வேலைகளில் ஒன்றேகால் மடங்கும், புதிய வேலைகளில் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் வந்திருக்கிறது. இது என் கையில் வந்த நோட்டுகளைப் பார்த்துச் சொல்வது, எல்லோருக்குமான விதி இல்லை. உங்கள் நோட்டில் வரும் எண்தான் உங்களுக்குச் செல்லும்.

இப்போது கொள்ளளவுக்கு வருவோம். பென்சில் எடுத்துக்கொண்டு என்னோடு போடுங்கள். வேலை நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை, மொத்தம் ஒன்பது மணி. சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணியைக் கழியுங்கள். ஏற்கெனவே குறித்துவிட்ட மீட்டிங்குகள் ஒன்றரை மணி. மின்னஞ்சல், அழைப்பு, குறுஞ்செய்திகளுக்குப் பதில் ஒன்றரை மணி. பெயர் தெரியாமல் வந்து சேரும் வேலைகள், அதாவது யாரோ வந்து "ஒரு நிமிஷம்" என்று தொடங்குபவை, ஒரு மணி. மிச்சம் நான்கு மணி. அந்த நான்கையும் நிரப்பக் கூடாது; மூன்றுக்கு மட்டும் வேலை வையுங்கள். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் கழித்துப் பார்த்ததும் வரும் அதிர்ச்சி ஒன்றுதான். மூன்று மணி நேரம்தானா என்று எல்லோருமே கேட்பார்கள். ஆமாம், மூன்று. அது சோம்பேறியின் கணக்கில்லை. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் நீங்களே தேர்ந்தெடுத்த வேலைக்கு 15 மணி நேரம். போன வாரம் அப்படி எத்தனை மணி நேரம் கிடைத்தது என்று நினைத்துப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் யோசித்துவிட்டு ஐந்து அல்லது ஆறு என்பார்கள்.

மூன்று மணி நேரத்தில் 14 வேலை அடங்காது. இரண்டு பெரியது, இரண்டு மூன்று சின்னது, அவ்வளவுதான். அப்படியானால் அந்த 60 வேலைகள்? இதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிறுவிய விதி அது. ஓர் அமைப்புக்குள் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளில் சராசரியாக முடிகிற வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது என்பது வரும். உங்களிடம் 60 இருக்கிறது, நாளுக்கு நான்கு முடிகிறது. 60-ஐ நான்கால் வகுத்தால் 15. இன்று நீங்கள் ஏற்றுக்கொள்ளும் வேலை வெளியே வரச் சராசரியாக 15 நாள். அவசர வேலைகள் இடையில் புகுந்து ஓடிவிடுவதால் மற்றவை மாதக்கணக்கில் கிடக்கும். இன்னும் வேகமாக ஓடினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் நாளுக்கு நான்கை ஐந்தாக்கவே பெரும்பாடு. உள்ளே இருக்கும் 60-ஐ 20 ஆக்குவது ஒரு மாலை நேர வேலை. செய்யவே போவதில்லை என்று உள்ளூரத் தெரிந்தவற்றை அடித்துவிடுங்கள். இன்னொருவர் செய்ய வேண்டியதை அவரிடம் சேர்த்துவிடுங்கள். "அடுத்த மாதம் பார்க்கலாம்" வகையை வேறு தாளுக்கு மாற்றி, மாதம் ஒருமுறை மட்டும் திறந்து பாருங்கள். யாருக்காவது வாக்குக் கொடுத்ததை அடித்தால் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இதே நான்கு வேலை வேகத்திலேயே, உள்ளே வருவது ஐந்து நாளில் வெளியே போகும்.

அடுத்தது மாற்றம். ஆலையில் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரத்தை, பழைய வேலையின் கடைசி நல்ல துண்டிலிருந்து புதிய வேலையின் முதல் நல்ல துண்டு வரை என்று அளப்போம். டை மாட்டியாகிவிட்டதா என்பது கணக்கில்லை. நல்ல துண்டு விழுந்ததா என்பதுதான் கணக்கு. மனதுக்கும் அப்படி ஒரு செட்டிங் நேரம் இருப்பது ஐயமில்லாமல் தெரிந்த விஷயம். ராபர்ட் ரோஜர்ஸும் ஸ்டீவன் மான்செலும் 1995-இல் காட்டியபடி, எப்போது மாற வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தாலும்கூட மாறியவுடன் வேகம் குறைகிறது. சோஃபி லெராய் 2009-இல் காட்டியது இன்னும் நடைமுறைக்கு நெருக்கமானது: ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போனால் கவனத்தில் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே லெராய் தெரசா குளோமுடன் சேர்ந்து 2018-இல் ஒரு தீர்வையும் சொன்னார். வேலையை விட்டு எழுவதற்கு முன், எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று சில வரி எழுதி வைத்தால் அந்த ஒட்டுதல் குறைகிறது. எங்கள் ஆலையில் ஷிஃப்ட் மாறும்போது ஒப்படைப்பு நோட்டில் எழுதும் வரி இதுவேதான். "மூன்றாவது துளை போட்டாச்சு, நாலாவதுக்கு பிட் மாத்தணும்." நான் இன்றும் யாராவது கூப்பிட்டால், எழுந்திருக்கும் முன் அந்த ஒரு வரியை எழுதிவிட்டுத்தான் எழுவேன். ஒரு நிமிடம்கூட ஆகாது.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். இடையூறு ஏற்பட்டால் மூளை பழைய நிலைக்குத் திரும்ப 23 நிமிடம் ஆகும் என்று பலரும் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். குளோரியா மார்க் செய்த கள ஆய்வுகளிலிருந்து வந்த பேச்சு அது. ஆனால் அந்த நேரம், தடைப்பட்ட வேலையை மக்கள் திரும்பக் கையில் எடுக்க ஆன நேரம். நடுவில் வேறு வேலைகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். மூளை 23 நிமிடம் செயலிழந்து கிடக்கும் என்று அதற்குப் பொருள் கிடையாது. இடையூறு செலவு பிடித்தது என்பது உறுதி. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பயப்படத் தேவையில்லை.

காலை 5 மணி விஷயத்தைக் கேட்டீர்கள். ஒருவர் காலைப்பறவையா இராப்பறவையா என்பதில் உடலமைப்புக்குப் பங்கு உண்டு, மரபணுவுக்கும் பங்கு உண்டு. பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உடல் தாமதமாகத் தூங்கவே விரும்பும். வயது ஏற ஏற முன்னால் நகரும். ஆகவே 5 மணிக்கு எழுவது சிலருக்குப் பொருந்தும், சிலருக்குப் பொருந்தாது. ஆனால் தூக்கத்தை வெட்டி எழுந்தால் நஷ்டம் என்பதில் ஐயமில்லை. ஹான்ஸ் வான் டோங்கனின் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரம் மட்டுமே தூங்கியவர்களின் கவனம், இரண்டு இரவு வரை முழுதாகத் தூங்காதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. அதைவிடக் கவலை தருவது, தாங்கள் அவ்வளவு கெட்டுப்போயிருக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. கொஞ்சம் தூக்கமாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். நீங்கள் நள்ளிரவு தாண்டித் தூங்குகிறவர் என்று உங்கள் பதிவிலேயே இருக்கிறது. 5 மணிக்கு எழ வேண்டுமானால் இரவு 10 மணிக்குள் படுத்துவிட வேண்டும். அது முடியாது என்றால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள், ஒரு குறையும் இல்லை. எழும் நேரத்தைவிட, எந்த இரண்டு மணி நேரத்தில் உங்கள் தலை தெளிவாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பது முக்கியம். அதற்கும் அந்த நோட்டே போதும். எந்த நேரத்தில் செய்த வேலை மதிப்பீட்டை ஒட்டி முடிந்தது என்று பாருங்கள். எழுந்த முதல் அரைமணியிலும், பிற்பகல் 2 மணியை ஒட்டியும் பெரும்பாலோருக்கு மந்தமாகத்தான் இருக்கும். சாப்பிடாவிட்டாலும் அந்தப் பிற்பகல் சரிவு வருகிறது. அந்த நேரத்துக்குக் கடினமானதை வைக்காதீர்கள்.

இப்போது முக்கியமான இடம். திட்டம் உடைந்ததும் பட்டியலைத் திறக்க மனம் வரவில்லை என்றீர்களே, அங்கேதான் உங்கள் நாள் கைநழுவுகிறது. 11 மணிக்கு உடைந்ததால் போனது ஒரு மணி நேரம். பார்க்காமல் விட்டதால் போனது ஏழு மணி நேரம். ஆலையில் திட்டம் உடைவது செய்தியே இல்லை. நான் போட்ட அட்டவணைகளில் போட்டது போட்டபடி முடிந்தவை அபூர்வம். அதற்காக யாரும் தலையில் கைவைத்து உட்கார்ந்ததில்லை; அடுத்த ஷிஃப்டுக்கு மறுபடி போடுவோம். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுத்து வரும் சில மணி நேரத்துக்கான திட்டத்தை ஃப்ரீஸ் செய்துவிடுவோம். நிஜமான அவசரம் தவிர அதில் கை வைக்க முடியாது. அதற்கு அப்பால் இருப்பது எவ்வளவு வேண்டுமானாலும் நகரலாம். உங்கள் நாளுக்கும் இதைச் செய்யுங்கள். காலையில் முதல் இரண்டு மணி நேரம் மட்டும் ஃப்ரீஸ். மற்றவை வரிசையாக, நேரம் போடாமல் இருக்கட்டும். மதியம் சாப்பாடு முடிந்து வந்ததும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மிச்சமுள்ள மணிகளை எண்ணி, அடுத்த இரண்டு மணி நேரத்தை மட்டும் மறுபடி ஃப்ரீஸ் செய்யுங்கள். காலைத் திட்டம் என்ன ஆயிற்று என்று அப்போது விசாரணை வேண்டாம்.

உடையும்போது என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பது இதைவிட உதவும். பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து ஆராய்ந்துவரும் விஷயம் இது: "இப்படி நடந்தால், இதைச் செய்வேன்" என்ற வடிவில் முடிவெடுத்து வைத்தவர்கள், வெறுமனே "செய்வேன்" என்று நினைத்தவர்களைவிடக் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் தெளிவாக நின்றது. உங்களுக்கு ஒன்று எழுதித் தருகிறேன்: "10:30 மணிக்குள் முதல் வேலையைத் தொடங்கவில்லை என்றால், இரண்டாவதை அடித்துவிட்டு முதல் வேலையில் 40 நிமிடம் உட்காருவேன்." 11 மணிக்கு மனம் சோர்ந்திருக்கும்போது புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை, நேற்றிரவே தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவு தாளில் இருக்கிறது.

இரவில் பட்டியல் எழுதும் பழக்கத்தை விட வேண்டாம். 2018-இல் மைக்கேல் ஸ்கல்லினின் குழு 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் சோதித்தது. படுக்கும் முன் ஐந்து நிமிடம், வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். சிறிய ஆய்வு, ஓர் இரவு மட்டும் நடந்தது. அதனால் மருந்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் முடிக்காத வேலை மனதைக் குடையும் என்பதும், அதற்கு எப்போது எப்படி என்று ஒரு திட்டம் வைத்துவிட்டாலே குடைச்சல் அடங்குகிறது என்பதும் வேறு சோதனைகளிலும் வந்திருக்கின்றன.

ஐயத்துக்குரியவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் சுயமதிப்பையே அவை தொடுகின்றன. மன உறுதி என்பது தொட்டியில் இருக்கும் எரிபொருள் போல, செலவழித்தால் தீர்ந்துவிடும் என்ற கருத்து 1998-இலிருந்து மிகவும் பரவியது. 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, 2,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து அதைத் திரும்பச் சோதித்தபோது பலன் கிட்டத்தட்டப் பூஜ்யமாக வந்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை. அப்படி ஆட்டம் கண்ட ஒரு கருத்தை வைத்து "என் தொட்டி காலி" என்று நீங்கள் முடிவுகட்ட வேண்டாம். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற முறை 1980-களின் இறுதியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ தன் படிப்புக்காகத் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கியது. தொடங்கத் தயங்குகிறவர்களுக்கு அது நல்ல உந்துதல். ஆனால் 25 என்ற எண்ணில் தனி மகிமை இல்லை, வேலையில் ஆழ்ந்திருக்கும்போது மணி அடித்தால் எழ வேண்டிய அவசியமும் இல்லை. செயலியைப் பொறுத்தவரை தாளும் பேனாவும் போதும். செயலியில் வேலை சேர்ப்பது மிகச் சுலபமாக இருப்பதுதான் அந்த 60-க்குப் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

நான் சொன்னது எல்லோருக்கும் பொருந்தாது. தன் நேரத்தில் கொஞ்சமாவது தன் கையில் இருப்பவருக்குத்தான் இந்தக் கணக்கு. வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்திருப்பவர், வார்டில் இருக்கும் செவிலியர், வீட்டில் கைக்குழந்தையையோ படுக்கையில் இருப்பவரையோ பார்த்துக்கொள்பவர் ஆகியோரிடம் இரண்டு மணி நேரத்தை ஃப்ரீஸ் செய்யுங்கள் என்று சொல்வது கொடுமை. அவர்களுக்கு நேரக் கட்டங்கள் வேண்டாம். பத்து நிமிடம் கிடைத்தால் எடுக்கக்கூடிய வேலைகளின் சிறு பட்டியல் ஒன்றைத் தயாராக வைத்திருப்பதும், வாரத்தில் ஓரிரு மணி நேரம் வேறொருவர் பொறுப்பேற்கும்படி ஏற்பாடு செய்வதும்தான் வழி. கொடுக்கப்பட்ட வேலையே கொள்ளளவைவிடப் பெரியது என்றால் எந்தத் திட்டமும் உதவாது. அப்போது இரண்டு பத்தி நோட்டை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போங்கள். "நேரம் போதவில்லை" என்ற பேச்சுக்கு இல்லாத மதிப்பு, "இந்த நான்கு வேலைக்கு வாரம் 22 மணி ஆகிறது, என்னிடம் இருப்பது 15, எதை விடட்டும்?" என்ற கேள்விக்கு உண்டு. சிறுவயதிலிருந்தே எதிலும் கவனம் நிற்பதில்லை, அல்லது பல வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் ஆர்வமில்லை என்றால் அது திட்டமிடல் விஷயமே இல்லை, மருத்துவரைப் பாருங்கள். அதை நோட்டால் சரிசெய்ய முயன்று வருடங்களை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இன்றிரவு 14 எழுத வேண்டாம். நாளைக்கு இரண்டு பெரிய வேலை, இரண்டு சின்ன வேலை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீங்கள் நினைக்கும் நேரம், கீழே அந்த 10:30 மணி வரி. வலது பத்தியைக் காலியாக விட்டுவிட்டுப் படுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு பத்தியையும் இங்கேயே பதிவிடுங்கள். எந்த வேலை எந்த இடத்தில் நீள்கிறது என்று வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.